மூன்று தாவலுக்கு இடம்

முயல்குட்டி வாங்கப் போனால் கூடவே ஒரு கூண்டையும் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், உயரமும் ஒன்றரை அடி. அன்றைக்கு அது தாராளமாகத்தான் தெரியும். உள்ளே இருப்பது ஒரு மாதக் குட்டி, இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் நம்மூரில் செல்லப்பிராணியாக விற்கப்படும் முயல்களில் பலவும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் போன்ற இனங்கள், அல்லது அவற்றின் கலப்பு. ஆறு மாதத்தில் மூன்றரை, நான்கு கிலோவுக்கு வந்துவிடும். கூண்டு மட்டும் அதே இரண்டடியில் நிற்கும்.

அந்த இரண்டடிக் கணக்கு பண்ணைக் கணக்கு. இறைச்சிக்கு வளரும் குட்டி சுமார் மூன்று மாதத்தில் விற்பனைக்குப் போய்விடுகிறது. அந்த மூன்று மாதத்தில் அது அதிகம் ஓடாமல் எடை போட வேண்டும், எச்சம் கீழே விழ வேண்டும், ஒரு கொட்டகையில் நிறையக் கூண்டு அடங்க வேண்டும். அதற்காக வந்த அளவு அது. வீட்டு முயல் எட்டு முதல் பத்து ஆண்டு வாழும் பிராணி. அதன் முதுகெலும்பும் குடலும் அத்தனை ஆண்டும் வேலை செய்ய வேண்டும்.

அளவெடுக்கும்போது உட்கார்ந்திருக்கும் முயலை அளக்காதீர்கள். கூனிக் குறுகி உட்கார்ந்தால் நான்கு கிலோ முயலும் ஓரடி நீளத்துக்குள் அடங்கிவிடும். பலரும் ஏமாறுவது இதில்தான். அளக்க வேண்டியது அதன் அசைவை. நடுத்தர உடம்புள்ள வளர்ந்த முயல் பின்னங்காலை நீட்டிப் படுத்தால் மூக்கிலிருந்து பாதம் வரை ஏறத்தாழ இரண்டடி வரும். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று காதைத் தூக்கினால் இரண்டரை அடியைத் தொடும். ஓட்டமில்லாமல் சும்மா மூன்று தாவல் தாவினால் ஆறடி. இந்த மூன்றும்தான் உங்கள் அளவுகோல்: நீளம் மூன்று தாவலுக்குக் குறையக் கூடாது, அகலத்தில் முயல் குறுக்கே முழுசாக நீட்டிப் படுத்துத் திரும்ப முடிய வேண்டும், உயரத்தில் காது கூரையில் இடிக்கக் கூடாது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று ஒரு அளவு இதிலிருந்து கிடைக்கும். இது குறைந்தபட்சம் கூட இல்லை. அசைவு ஒவ்வொன்றும் ஒருமுறை நடக்கத் தேவையான இடம் மட்டும். குட்டியாக இருக்கும்போது வாங்குகிறீர்கள் என்றால் குட்டியை அளப்பதில் பயனில்லை. தாய் தகப்பன் முயலைக் காட்டச் சொல்லி அதை அளந்துகொள்ளுங்கள். காட்ட முடியாது என்றால் நான்கு கிலோ என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

‘எங்கள் வீட்டில் இருப்பது குள்ள இனம், ஒரு கிலோதான், அதற்குச் சின்னக் கூண்டு போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. குள்ள இனங்கள் பெரும்பாலும் பெரிய இனங்களைவிடத் துறுதுறுப்பானவை. ஒயிட் ஜெயண்ட் மதியம் முழுக்கப் படுத்துக் கிடக்கும் நேரத்தில் நெதர்லாந்து ட்வார்ஃப் அறையை நாலு சுற்று சுற்றியிருக்கும்.

பிரிட்டனில் முயல் நலச் சங்கமான ஆர்.டபிள்யூ.ஏ.எஃப். ஒரு ஜோடி முயலுக்குச் சொல்லும் குறைந்த அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நம் கணக்கில் ஏறத்தாழ பத்தடிக்கு ஆறரை அடி. இதில் முக்கியமான நிபந்தனை, அந்த இடம் ஒரே தொடர்ச்சியாக, எந்நேரமும் முயலுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது. இரவு கூண்டு, மாலையில் ஒரு மணி நேரம் கூடத்தில் ஓட்டம் என்ற ஏற்பாட்டை அவர்கள் ஏற்பதில்லை. காரணம் முயலின் நேரம் வேறு என்பதுதான். அது விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. நாம் எழுந்து பல் துலக்கிக் கூண்டைத் திறக்கும் நேரத்தில் அதன் விளையாட்டு நேரம் முடிந்திருக்கும். பிறகு பகலில் திறந்துவிட்டுவிட்டு, ‘வெளியே விட்டாலும் மூலையில்தான் படுத்துக்கொள்கிறது, ஓட்டத்தில் ஆசையில்லை’ என்று முடிவு கட்டுகிறோம்.

பத்துக்கு ஆறு என்று கேட்டதும் சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பவர் இந்தப் பக்கத்தை மூடிவிடுவார். மூட வேண்டாம். நாய்க்குட்டிகளுக்கு என்று விற்கும் மடக்கு வேலி இருக்கிறதே, அதில் இரண்டடி அகலத் தட்டு எட்டு சேர்ந்தது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பதினாறு அடி வேலி. அதை நடுக்கூடத்தில் சதுரமாக நிறுத்தினால் நான்குக்கு நான்கு, பதினாறு சதுர அடிதான். அதே வேலியை ஒரு சுவரோடு ஒட்டி மூன்று பக்கம் மட்டும் நிறுத்துங்கள்: இரண்டு தட்டு, நான்கு தட்டு, இரண்டு தட்டு. எட்டுக்கு நான்கு, முப்பத்திரண்டு சதுர அடி. அறையின் மூலையில் இரண்டு சுவரையும் பயன்படுத்தி, ஒரு பக்கம் ஐந்து தட்டு, மறுபக்கம் மூன்று தட்டு என்று நிறுத்தினால் பத்துக்கு ஆறு, அறுபது சதுர அடி. பிரிட்டன்காரர்கள் சொல்லும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், ஒரு தட்டுகூடக் கூடுதலாக வாங்காமல். மூலை அகலமில்லை என்றால் சுவரோரத்து எட்டுக்கு நான்கு நல்ல சமரசம். நடுவில் நிறுத்தும் சதுரம் வேண்டாம், அதில் நீளம் இல்லை.

வேலி மூன்றடி உயரம் இருக்கட்டும். இரண்டடி வேலியை நல்ல ஆரோக்கியமான முயல் நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். வேலிக்குள் அட்டைப்பெட்டியை வைத்தால் அது ஏணியாகும் என்பதை மறக்கக் கூடாது, பெட்டி வேலியிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். சுவரோடு சேரும் இரண்டு முனையையும் ஏதாவது கொக்கியில் மாட்டிக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் முயல் மூக்கால் நெம்பி நெம்பி இரண்டு அங்குலம் திறந்து, அதில் தலையை நுழைத்துவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பு நுழையும், அல்லது பாதியில் சிக்கிக்கொள்ளும். அடியில் ஓரடி உயரத்துக்கு வலை கட்டினால் போதும்.

கூண்டு அளவைப் பேசும்போது எல்லோரும் வெளியளவைச் சொல்கிறார்கள். உள்ளே மிச்சம் என்ன என்பதுதான் கேள்வி. நான்கடிக்கு இரண்டடி, எட்டு சதுர அடி என்று வையுங்கள். முயல் முழு உடம்போடு ஏறி உட்காரக்கூடிய எச்சத் தட்டு ஒன்றரை அடிக்கு ஓரடி. ஒளிந்துகொள்ளும் பெட்டியும் அதே அளவு. தண்ணீர்க் கிண்ணம், தீவனக் கிண்ணம், புல் சிதறும் இடம் என்று இன்னும் அரை சதுர அடி. மூன்றரை சதுர அடி போய்விட்டது, மிச்சம் நாலரை. அதுவும் ஒழுங்கான வடிவத்தில் இருக்காது, பொருள்களுக்கு நடுவே சந்து சந்தாகக் கிடக்கும். அதில் ஒரு தாவல்கூட நேராகப் போகாது. மாடி வைத்த கூண்டுகளும் இதே வகைதான். கீழே நான்கு, மேலே நான்கு என்றால் எட்டடி நீளம் ஆகிவிடாது. முயலுக்கு வேண்டியது நேர்க்கோட்டில் ஓட இடம். மாடித் தட்டு படுக்கவும் சுற்றிப் பார்க்கவும் நல்லது, ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடம் போதாத முயலுக்கு என்ன ஆகும் என்பதையும் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முயல் அழாது. நாய் குரைத்துவிடும், கிளி கத்திவிடும், முயல் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதை நாம் சாது என்கிறோம். முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம்தான், பூனைக்கு 12, 13 இருக்கும். அவ்வளவு லேசான எலும்பு, ஆனால் அதன் பின்னங்கால் தசை மிகப் பலமானது. அசைவில்லாமல் எலும்பு இன்னும் மெலிந்துபோன முயலைத் திடீரென்று தூக்கும்போது அது ஒரு உதை உதைத்தால் தன் முதுகெலும்பையே உடைத்துக்கொள்ளும். குடலும் அப்படித்தான். முயலின் குடல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நார் நிறைந்த புல்லும் ஓட்டமும்தான் அதை நகர்த்துகின்றன. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் முயலுக்குச் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சத்து குழம்பாகத் தேங்கும், கொழுப்பு ஏறும், உடம்பை வளைத்துப் பின்புறத்தைச் சுத்தம் செய்ய முடியாமல் போகும். நம்மூர் ஈரப்பதத்தில், ஈ மொய்க்கும் மாதங்களில், அந்த அசுத்தத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். உயிரைக் கொல்லும் நிலைமை அது.

கம்பியைக் கடித்து உலுக்குவது, வட்டமடிப்பது, கூண்டுக்குள் கை விட்டால் மட்டும் உறுமிப் பாய்வது (வெளியே விட்டால் அதே முயல் மடியில் வந்து படுக்கும்), பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து சிவப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் முதலில் இடத்தைச் சந்தேகியுங்கள்.

இது வெறும் மனசாட்சி விஷயமும் இல்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, பிராணி நியாயமான அளவு அசைவதற்குத் தேவையான உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அதை அடைத்து வைப்பதைக் குற்றம் என்கிறது. உயரம், நீளம், அகலம் மூன்றையும் சட்டம் தனித்தனியாகச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். சட்டம் பற்றிப் பேசும்போதே இன்னொன்று: காட்டிலிருந்து பிடித்து வந்த முயலை எவ்வளவு பெரிய இடத்திலும் வீட்டில் வளர்க்கக் கூடாது. அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள வேறு இனம். வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வாரிசுதான் வீட்டு முயல். நம் காட்டு முயல் வளை தோண்டாது, அடைப்புக்குள் பயத்திலேயே செத்தும் போகலாம்.

தரைக்கு வருவோம். முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது, வெறும் முடிதான். அதனால் கம்பித் தரை அறவே கூடாது. பண்ணையில் மூன்று மாதம் தாங்கியது வீட்டில் மூன்று வருடம் தாங்காது. பாதம் புண்ணாகி எலும்பு வரை சீழ் பிடிக்கும். ஏற்கெனவே கம்பித் தரைக் கூண்டு வாங்கிவிட்டீர்கள் என்றால் மேலே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் பாய் விரியுங்கள். வழவழப்பான டைல்ஸும் ஆபத்துதான். கால் வழுக்கி வழுக்கிப் பயந்துபோன முயல், பாய் விரித்த ஒரு துண்டு இடத்தை விட்டு நகராது. அறுபது சதுர அடி கொடுத்தும் அது ஆறு சதுர அடியில்தான் வாழும். கோரைப்பாய் இதற்கு அருமையான பொருள். கால் வழுக்காது, கடித்துத் தின்றாலும் பாதகமில்லை, நாறினால் தூக்கிப் போட்டு வேறு விரிக்கலாம். பிளாஸ்டிக் பாய் வேண்டாம், கடித்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். நூல் பிரியும் பழைய சாக்கும் அப்படியே.

எச்சத் தட்டை நீங்கள் நினைத்த மூலையில் வைத்துவிட்டு முயலோடு சண்டை போடாதீர்கள். முதல் இரண்டு நாள் அது எந்த மூலையில் சிறுநீர் கழிக்கிறது என்று பார்த்து அங்கே வையுங்கள். அடியில் செய்தித்தாள், மேலே ஒரு பிடி காய்ந்த புல், பக்கத்திலேயே புல் கூடை. முயல் தின்றுகொண்டே எச்சம் போடும் பிராணி. துணி துவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் ஆழம் குறைந்ததாக ஒன்று போதும்.

கட்டிய கூண்டே வேண்டும் என்பவர்கள் கதவை யோசித்துவிட்டுப் பிறகு மற்றதை யோசியுங்கள். எச்சத் தட்டு கதவு வழியாக வெளியே வர வேண்டும். ஒன்றரை அடித் தட்டை உள்ளே வைத்து ஓரடிக் கதவு போட்டுத் தந்துவிடுகிற வெல்டிங் பட்டறைகள் நிறைய. கதவு முன்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து இறங்கும் கை முயலுக்குப் பருந்தின் கால். உயரத்தில் நிறுத்தும் கூண்டு என்றால் ஆழம் இரண்டரை அடிக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேல் உங்கள் கை பின் மூலையை எட்டாது. எட்டாத மூலை நாறும். அந்த நாற்றத்தில் உள்ள அமோனியா முயலின் மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும்.

கொல்லையோ மொட்டை மாடியோ இருந்தால் ஆள் நிமிர்ந்து நுழையும் உயரத்தில் அடைப்பு கட்டுவதே என் பரிந்துரை. குனிந்து தவழ்ந்து சுத்தம் செய்ய வேண்டிய இடத்தை முதல் மாதம் தினமும் பெருக்குவீர்கள், மூன்றாம் மாதம் வாரம் ஒருமுறை. பத்துக்கு ஆறு, ஆறடி உயரம். ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம். வலைக்குக் கோழிவலை வேண்டாம். அது கோழியை உள்ளே வைக்கும், நாயையும் கீரியையும் வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ், 16 கேஜ் அல்லது அதைவிடத் தடிமன் வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறையத்தான் கம்பி தடிமனாகும்: 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், 14 கேஜ் 2 மில்லிமீட்டர். ஒரு அங்குலக் கண் மலிவு, ஆனால் எலிக்குஞ்சும் சின்னப் பாம்பும் அதில் சுலபமாக நுழையும்.

சுற்றளவு முப்பத்திரண்டு அடி. மண் தரை என்றால் கீழ் வரிசைக்கு நான்கடி அகலச் சுருளை வாங்கி, மூன்றடியை நிறுத்தி, மிச்ச ஓரடியை வெளிப்பக்கமாகத் தரையோடு மடித்து மேலே கல் அல்லது மண் போடுங்கள். தோண்டி வரும் நாயும் பெருச்சாளியும் சுவரோரத்தில்தான் தோண்டும், அங்கே வலை தட்டுப்படும். நான்கு மூலையிலும் மடிப்பு சேராமல் ஓரடிச் சதுர ஓட்டை விழும், அதற்குத் தனித் துண்டு வெட்டிக் கட்ட வேண்டும். எல்லோரும் மறப்பது அதைத்தான். மேல் வரிசைக்கு மூன்றடிச் சுருள் முப்பத்திரண்டு அடி, கூரைக்கு அதே சுருளில் பத்தடித் துண்டு இரண்டு. ஆக நான்கடி வலை முப்பத்திரண்டு, மூன்றடி வலை ஐம்பத்திரண்டு. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்துக்கு இரண்டிலும் மூன்றடி கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து முயல் தோண்டி வெளியேறாமல் இருக்கத் தரைக்கு அடியில் அரையடி ஆழத்தில் இரண்டு அங்குலக் கண் வலை விரித்து மண் மூடலாம். தோண்டுவது அதன் பிறவிக் குணம், அதைத் தடுக்காமல் எல்லை மட்டும் வையுங்கள். தாழ்ப்பாள் இரண்டு வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே தாழ்ப்பாள் போட்ட கதவின் கீழ் மூலையை நாய் இழுத்து வளைத்துவிடும்.

ஆனால் இடம் எவ்வளவு கொடுத்தாலும் சூடு அதைத் தின்றுவிடும். முயலுக்கு 15 முதல் 20 டிகிரி வரை இதம். 28, 30ஐத் தாண்டினால் திணறும். வேர்க்காத பிராணி, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். நம்மூர் சித்திரை, வைகாசியில் மேற்குப் பார்த்த பால்கனி பத்தடி நீளம் இருந்தாலும் அது முயலுக்குரிய இடமில்லை. தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட கூரையின் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், மதியம் பதினொன்று முதல் ஐந்து வரை அடைப்பில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். காலையில் நிழலாக இருந்த பாதி இடம் மதியம் வெயிலில் கிடந்தால், உங்கள் அடைப்பின் உண்மையான அளவு பாதிதான். உள்ளே ஒரு கடப்பைக் கல் துண்டு போட்டால் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துணி சுற்றி வைக்கலாம். மின்விசிறி மட்டும் போதாது, சூடான காற்றைச் சுழற்றுவதால் வேர்க்காத உடம்புக்கு லாபம் குறைவு. காதை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு விசிறி போட்டால் பயன் தெரியும். கத்திரி நாட்களில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவதே சரி. ஐப்பசி மழையில் பிரச்சினை தலைகீழ்: ஈரத் தரை, ஊறிய பாதம், சளி. சாரல் விழும் பக்கம் தார்ப்பாய்ப் படுதா, தரைக்கு நான்கு அங்குல மேடு.

பால்கனியில் வைப்பவர்கள் கிரில் இடைவெளியைக் கட்டாயம் மூட வேண்டும். நான்கு அங்குல இடைவெளியில் முயல் நுழையும். மூன்றாம் மாடியின் ஆழம் அதற்குத் தெரியாது.

முயல் தனியாக வாழும் பிராணி அல்ல, இரண்டாக வளர்ப்பதே நல்லது. ஆனால் இரண்டு என்றால் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒளியும் பெட்டி இரண்டு, ஒவ்வொன்றிலும் வாசல் இரண்டு. ஒரே வாசல் என்றால் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு அடி வாங்கும். வளர்ந்த இரண்டு கடா முயலை ஒரே இடத்தில் விட்டால் சண்டையில் ரத்தம் வரும். ஆணும் பெண்ணும் என்றால் முப்பத்தோரு நாளில் குட்டி, ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். அப்போது எந்த அளவும் போதாது. கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிட்டு ஜோடி சேர்ப்பதுதான் வழி. ஆண் குட்டிகளைப் பத்து வாரம் ஆவதற்குள் தாயிடமிருந்து பிரித்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய இரண்டடிக் கூண்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கதவைக் கழற்றிவிட்டு, மேலே ஒரு துணியைப் போட்டு, புதிய வேலிக்குள் ஒரு ஓரமாக வையுங்கள். முயலுக்குப் பழகிய குகை அது. நெடுநாள் அடைபட்டிருந்த முயலை முதல் நாளே அறுபது சதுர அடியில் விட்டுத் துரத்தி விளையாட வேண்டாம். தசையும் எலும்பும் தளர்ந்திருக்கும். முதல் வாரம் பாதி இடம், தரை முழுக்கப் பாய், ஏறுவதற்கு எதுவும் வேண்டாம். நகம் நீண்டிருந்தால் அதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் பாயில் மாட்டி விரல் பிசகும். இரண்டாம் வாரம் வேலியை முழுசாக விரியுங்கள். அதன் பிறகும் அது அந்தக் கூண்டை விட்டு வெளியே வரவில்லை என்றால் பாதத்தையும் எடையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.